டிபன் பாக்ஸில் வெட்டிய எழுத்து

அந்தப் பெண்ணுக்கு நான் இரண்டு இடத்தில் டீச்சர். திங்கள் முதல் சனி வரை, ஆந்திராவில் புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் மீடியப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துவேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் சிறுவர்களுக்குப் பைபிள் வசனம் சொல்லிக்கொடுப்பேன். இரண்டு இடத்திலும் அதே தொண்டை, அதே மூக்குக்கண்ணாடி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் என் செல்லப்பிள்ளை. திங்கட்கிழமை அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிறு வகுப்பில் வருடம் முழுக்க வசனங்களை மனப்பாடம் செய்வார்கள். கிறிஸ்மஸுக்கு முன்னால் சபையார் எல்லோர் முன்னிலையிலும் போட்டி நடக்கும். மற்றப் பிள்ளைகள் பத்தாவது வசனத்தில் மூச்சு வாங்கி, பதினைந்தில் மேலே பார்த்து, இருபதில் அழுதுவிட்டு இறங்குவார்கள். இவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். வாயைத் திறந்தால் நாற்பது வசனமும் வரிசை பிசகாமல் வரும். கமா, முற்றுப்புள்ளி எல்லாம்கூடக் காதில் கேட்கும். எங்கள் பாதிரி ஐயர் ஒருமுறை வேண்டுமென்றே இடையில் தும்மினார். அவர் தும்மி முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு அவளுக்குத்தான். முதல் வருடம் பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தோம். புத்தூர் பஜாரில் நான்தான் போய் வாங்கி, மூடியில் ‘மனப்பாட வசனம், முதல் பரிசு’ என்று வெட்டச் சொல்லிக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு வாங்குவதற்கு அந்த பாக்ஸைத்தான் எடுத்து வருவாள்.

அதே பெண் திங்கட்கிழமை வகுப்பில் ‘படி’ என்றால் தலைவலி என்பாள். அடுத்த நாள் கண் எரிகிறது என்பாள். அதற்கடுத்த நாள் புத்தகம் நைனாவின், அதாவது அப்பாவின், ஆட்டோவிலேயே போய்விட்டது என்பாள். சொல்வதெழுதல் நோட்டைத் திறந்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனால் பாடத்தில் கேள்வி கேட்டால் வாயால் டாண் டாண் என்று பதில் சொல்வாள். நாற்பது வசனத்தை நெட்டுருப் போடுகிறவளுக்கு நாலு வரி படிக்க வராதா? கொழுப்பு என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, அவளிடமே சொன்னேன்.

அடிப்பது சட்டப்படி தப்பு. அதனால் நான் அடிக்கவில்லை. வாசல் நிலைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். நிற்க வைப்பது அடிப்பதில் சேராது என்று நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்று மூன்று வகுப்பிலும், என்னுடைய பீரியடில் பாதியை அவள் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டேதான் கழித்தாள்.

கொழுப்பு என்று தோன்றாத நாட்களுக்கு வேறொரு காரணம் வைத்திருந்தேன். ஐந்தாவது வரை அவள் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். அங்கே டீச்சர்கள் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, ‘வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால்தான் தெலுங்கு ஏறவில்லை’ என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த அம்மா என்னிடம் கொண்டுவந்து சேர்த்தபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “தாய்மொழியில வந்துட்டா இல்ல, ரெண்டு மாசத்துல படிக்க வெச்சிடறேன்” என்றேன். ரெண்டு மாதம் ரெண்டு வருடமானதும், ‘தெலுங்கில் ஆரம்பித்த பிள்ளை, தமிழ் எப்படி வரும்?’ என்று சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை படிக்கவில்லை என்றால் எல்லோர் கையிலும் இந்த ஒரு மருந்து உண்டு. மீடியத்தை மாற்று. தெலுங்கிலிருந்து தமிழுக்கு, தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு. பிள்ளை ஊர் ஊராக மாற்றல் வாங்கும் குமாஸ்தாவைப் போல அலையும். என்ன கோளாறு என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

பார்த்தவர் வேறொருவர். கற்பதில் சிரமம் இருக்கிற பிள்ளைகளுக்காக எங்கள் மண்டலத்துக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் உண்டு. கார்வேட்டிநகரம் பக்கத்துத் தெலுங்குக்காரர். வாரத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்து எங்கள் பள்ளிக்கு வருவார். பையில் பிளாஸ்டிக் எழுத்து, மணி, பந்து என்று வைத்திருப்பார். அவர் வேலை செய்கிறார் என்று நான் நம்பியதில்லை. பிள்ளைகளோடு பந்து உருட்டிக்கொண்டிருக்கிறார், கொடுத்துவைத்த மனுஷன் என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வேன்.

அவள் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் மதியம், அந்த டிபன் பாக்ஸோடு சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தாள். அவர் சும்மா பேச்சுக்கொடுப்பது போல, “பாக்ஸ் பாகுந்தே, நல்லா இருக்கு. மூடி மேல என்ன எழுதியிருக்கு, அம்மாயி?” என்று கேட்டார்.

அவள் மூடியைப் பார்க்கக்கூட இல்லை. “டீச்சர் பேரு, சார்” என்றாள். “அவங்கதான குட்த்தாங்க.”

நான் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். அவள் கெட்டிக்காரத்தனமாகத்தான் யோசித்திருக்கிறாள். எங்கள் ஊரில் யார் பாத்திரம் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். கல்யாண வீட்டு அண்டா முதல் காதுகுத்து வீட்டு டம்ளர் வரை அதுதான் வழக்கம். நான்தான் வழக்கத்தை மீறி வேறு எழுத்து வெட்டியிருந்தேன். இரண்டு வருடமாக அந்த மூடியைத் தினமும் கழுவித் துடைத்திருக்கிறாள். அதில் இருப்பது அவளுக்குக் கிடைத்த பரிசின் பெயர் என்று அவளுக்குத் தெரியாது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்து, “மேடம், அந்தப் பொண்ணுக்கு எழுத்து நிக்கல. காதுல போனது எல்லாம் நிக்குது. தெலுங்கு, தமிழ் எதுல வெச்சாலும் அதே கதைதான். கொழுப்பு காதண்டி, கொழுப்பு இல்ல” என்றார்.

“நாப்பது வசனம் சொல்றா சார்” என்றேன். எனக்குத் தோற்கப் பிடிக்காது.

“யாரு சொல்லிக்கொடுக்கிறாங்க?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் ஞாயிறு வகுப்பில் வசனங்களைத் தாளில் எழுதிக் கொடுப்பேன், வீட்டில் படித்து வருவார்கள் என்று நினைத்திருந்தேன். விசாரித்தால், அவளுடைய நைனா புத்தூர் ஸ்டேஷன் ஆட்டோக்காரர், போனில் வசன ஆடியோ போட்டு விடுவாராம். சாயங்காலம் சவாரிக்கு நடுவில் அவள் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்பாளாம். இரண்டு தரம் கேட்டால் போதுமாம். நான் எழுதிக் கொடுத்த தாள்கள் எல்லாம் ஆட்டோவின் சீட்டுக்கு அடியில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

அன்றைக்கு எனக்கு வந்தது வருத்தமில்லை, கோபம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாளே என்று அவள்மேல் கோபம். என் மேல் கோபம் வர இன்னும் நாளாயிற்று. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மா சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் அவர், மற்ற நாட்களில் மதியம் அரை மணி நேரம் நான் என்று அவளோடு உட்கார்ந்தோம். மணலில் எழுதினோம், அட்டையில் ஒட்டினோம், ஒலியைப் பிரித்துக் கைதட்டினோம். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாவது முடிகிறபோது மூன்றெழுத்துச் சொற்களை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். ஒரு பத்தியைக் கொடுத்தால் பாதியில் வியர்த்துவிடும். வகுப்பில் அவளுடைய முறை வரும்போது நான் சத்தமில்லாமல் அவளைத் தாண்டி அடுத்த பிள்ளையைப் படிக்கச் சொன்னேன். அது இரக்கம் என்று நினைத்தேன்.

பத்தாவது பரீட்சை வந்தது. அவளுக்கு விடை தெரியும், எழுதத்தான் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும், கூடுதல் நேரமும் அரசாங்கமே கொடுக்கும். ஆனால் அதற்குத் திருப்பதி ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சர்ட்டிபிகேட் கொடுக்கவேண்டும். அது இல்லையென்றால் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். பத்தாவது தவறினால் அவளைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாக வீட்டில் பேச்சு இருந்தது.

அவளுடைய நைனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எலும்பு முறிந்தவர்களை ரயிலடியிலிருந்து கட்டுப் போடும் இடத்துக்கு ஏற்றிப்போவதுதான் அவருக்குப் பாதிப் பிழைப்பு. அவர் ரொம்ப நேரம் சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, “கை ஒட்சிகினு வந்தா நம்மூர்ல கட்டு போட்டு அனுப்பிடறாங்க. இதுக்கு எங்க டீச்சரம்மா கட்டு போடறது?” என்றார்.

“கட்டு போட முடியாது. ஊன்றுகோல் கொடுப்பாங்க” என்றேன்.

“நாளைக்கு கல்யாணத்துக்கு வர்றவன் அந்தக் காகிதத்த பார்த்தா?”

“பத்தாவது பெயில்னு இன்னொரு காகிதம் இருக்கு. அத அவன் பாக்க மாட்டானா?”

அவர் சிரிக்கவில்லை. “நீங்களே இட்டுகினு போய் வாங்க” என்றார்.

நானும் அவளும் புத்தூரில் காலை ரயில் ஏறினோம். ரேணிகுண்டாவிலேயே பெட்டி நிரம்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கும் அறைக்கு அரைக்கதவு, உள்ளே பேசுவதெல்லாம் வெளியே கேட்கும். வெளியே பெஞ்சில் நாங்கள் ஐந்தாவது ஆள். உள்ளே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே தெலுங்குப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ஒரு குடியானவன் தக்காளி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற கதை. முதல் பையன் தடுமாறினான். இரண்டாவது பெண் அழுதது. மூன்றாவது பிள்ளை ஒருவாறு படித்தது. நாலாவது பிள்ளைக்கு உள்ளே இருந்த டாக்டரே ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். இவள் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் முறை வந்தது. அதே தாளைக் கொடுத்தார். இவள் விரலை வரிமேல் வைத்தாள். குடியானவன் வண்டியில் தக்காளி ஏற்றினான், வழியில் மழை வந்தது, பாதி விலைக்கு விற்றான். முதலிலிருந்து முடிவு வரை படித்தாள். இடையில் நியாயமாக இரண்டு இடத்தில் தயங்கவும் செய்தாள். விரல் வரிக்கு வரி ஒழுங்காக இறங்கியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. நம்ம பெண் எவ்வளவு அழகாகப் படிக்கிறது என்று. கிறிஸ்மஸ் மேடையில் அவளைப் பார்க்கும்போது வரும் அதே பெருமை. அடுத்த நொடிதான், பெஞ்சில் கேட்டதை ஒப்பிக்கிறாள் என்று உறைத்தது.

“பாகா சதிவிந்தி கதம்மா” என்றார் டாக்டர். நன்றாகத்தானே படிக்கிறாள், கையெழுத்தை மட்டும் பழக்குங்கள் என்று சொல்லி, சிரமம் இல்லை என்று எழுதிவிட்டார். நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். அடுத்த பிள்ளை உள்ளே வந்துவிட்டது. அவரைக் குறைசொல்ல மாட்டேன். மூன்று வருடம் நான் ஏமாந்தேன், அவர் பத்து நிமிடம் ஏமாந்தார்.

திரும்பி வரும்போது ரயிலடியில் எனக்கு வாய் அடங்கவில்லை. எதிரே மொட்டை போட்டுக்கொண்ட குடும்பம் ஒன்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரித்தான் கேட்டேன்.

“எதுக்குடி போனோம் அங்க? படிக்க வர்லன்னு காட்டத்தான போனோம்?”

“தெரியும் டீச்சர்.”

“அப்புறம் ஏன் அப்படி ஒப்பிச்ச?”

“அவுரு படின்னாரு. வெளிய எல்லாரும் கேட்டுகினு இருந்தாங்க. எனக்கு தானா வந்துட்ச்சி.”

“என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே. ஆறாவதுலயே சொல்லியிருந்தா மூணு வருஷம் வீணாயிருக்குமா?”

அவள் ஸ்லாப் பெஞ்சின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

“நாயித்துக்கெழம நீங்க என்னப் பார்த்து சிரிப்பீங்க டீச்சர். சொல்லிட்டா அதுவும் திங்கக்கெழம மாரி ஆயிடும்னு சொல்லல.”

ரயில் வந்தது. ஏறினோம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மொட்டை போட்ட அம்மாள் எதுவும் கேட்காமல் ஒரு லட்டை உடைத்து என் கையில் வைத்தாள்.

மறுபடி பரிசோதிக்க மனுப் போட்டு, சிறப்பு ஆசிரியர் நாலு தடவை அலைந்து, இன்னொரு நாள் வாங்கிக் கொடுத்தார். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் பள்ளி ஆசிரியர் பூர்த்திசெய்ய ஒரு படிவமும் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். சிரமம் எப்போதிலிருந்து தெரிகிறது? ஆறாம் வகுப்பிலிருந்து. முன்னால் கூறப்பட்ட காரணம்? மீடியம், சோம்பல். பள்ளியில் அளிக்கப்பட்ட உதவி? இந்த இடத்தில் பேனா நின்றது. எட்டாவதுக்குப் பிறகு செய்ததை மட்டும் எழுதினால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை.

“இன்னா எழுதறீங்க டீச்சர்?” என்றாள்.

எழுதிவிட்டு அவளுக்குப் படித்துக் காட்டினேன். முதல் மூன்று வருடம் உதவி எதுவும் இல்லை, வகுப்பில் வாசலருகே நிற்க வைக்கப்பட்டாள்.

“அத்த எதுக்கு எழுதினீங்க? உங்கள திட்ட மாட்டாங்களா?”

“திட்டினா திட்டட்டும். நடந்ததுதான?”

உள்ளே போனோம். அதே டாக்டர். நான் முந்திக்கொண்டு, அவள் காதில் விழாத ஒரு பக்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என் படிவத்தைப் படித்தார். கண்ணாடிக்கு மேலே என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நான் கொண்டுபோயிருந்த தமிழ்ப் புத்தகத்தை வாங்கி, இன்னும் நடத்தாத பாடமாகப் பார்த்துப் பிரித்து வைத்தார்.

அவள் விரலை முதல் சொல்லின்மேல் வைத்தாள். அரைக்கதவுக்கு வெளியே நடமாட்டம் அடங்கியது, வரிசையில் இருப்பவர்கள் காது கொடுக்கிறார்கள். அவள் உதடு அசைந்தது. வாயில் ஏதாவது கதையைக் கட்டிவிடுவாளோ என்று எனக்குப் பயம். கட்டவும் அவளால் முடியும். விரல் அந்த முதல் சொல்லிலேயே நின்றது. நெற்றியில் வியர்வை பூத்தது. ரொம்ப நேரம் கழித்து விரலை எடுத்துவிட்டாள்.

“எனக்கு படிக்க வர்ல” என்றாள். முதலில் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னாள். வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னாள்.

சர்ட்டிபிகேட் கிடைத்தது. ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து எழுத, இவள் எல்லாப் பரீட்சையையும் வாயால் எழுதினாள். கணக்கில் மட்டும் தவறி, அடுத்த தடவையில் தேறினாள். இப்போது புத்தூரிலேயே காலேஜில், ப்ளஸ் டூவுக்குச் சமமான இண்டர் படிக்கிறாள். வாட்ஸப்பில் எனக்கு வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவாள்.

ஆனால் பரீட்சை முடிவு வந்த நாளைவிட எனக்கு நினைவில் நிற்பது, அந்த இரண்டாவது பயணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை. புதுப் பாடம் ஆரம்பித்தேன். வரிசையாக ஒவ்வொரு பத்தியாகப் படிக்கச் சொன்னேன். அவளுடைய பெஞ்ச் வந்தது. வழக்கம்போல அவளைத் தாண்டிப் பக்கத்துப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். பக்கத்துப் பெண் எழுந்தாள். இவளும் எழுந்தாள்.

“டீச்சர், என்ன வுட்டுட்டீங்க.”

வகுப்பு முழுக்கத் திரும்பியது.

“எனக்கு படிக்க வராது” என்றாள். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை. “நீங்க ஒரு தபா படிங்க. அப்பால நான் சொல்றேன்.”

நான் படித்தேன். அவள் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நிற்பது போலவே நின்று, சொல்ல ஆரம்பித்தாள்.